ஓரியூருக்கு ஒரு தென்னங்கன்று

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது நான் பெங்களூரில் ஒரு ரிலீஸுக்காக ராத்திரி முழுக்க முழித்திருந்தேன். விடிந்ததும் ஊருக்குப் போன் போட்டால் ஒரு நம்பரும் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம்தான் அப்பா யாருடைய போனிலிருந்தோ பேசினார். “எல்லாரும் நல்லாருக்கோம். மரந்தான் ஒண்ணும் நிக்கல” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற வழியில் இருக்கிறது வல்லத்திராக்கோட்டை. அங்கே எங்களுக்கு 64 தென்னை இருந்தது. பாதி தாத்தா வைத்தது, பாதி அப்பா வைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றுதான் நின்றன. மற்றதெல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன, யாரோ வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி. கணக்கெடுக்க வந்தவர்கள் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 என்றார்கள். நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அப்பாவுக்கு அப்போது 61 வயது. அவர் மனசுக்குள் எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் அப்பாயி ஆரம்பித்தது. “பிப்ரவரி நாலாந் தேதி ஓரியூர் போகணும் அப்பு. ஒரு கன்னு வாங்கி வை.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோப்பே போய்க் கிடக்கிறது, இருக்கிற காசில் வைப்பதற்கே கன்று வாங்க வேண்டும், இதில் சாமிக்கு ஒரு கன்றா? “அந்தச் சாமி என்னத்தக் காப்பாத்துச்சு?” என்று கேட்டேன். அப்பாயி பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டது.

கேட்டது நான் என்பதுதான் வேடிக்கை. நாங்கள் இந்துக்கள். ஆனாலும் வீட்டில் என்னை அருளு என்றுதான் கூப்பிடுவார்கள். சர்ட்டிபிகேட்டில் இருப்பது வேறு பெயர். கல்யாணமாகி ஏழு வருஷம் அம்மாவுக்குப் பிள்ளை இல்லாதபோது, எதிர்வீட்டு டீச்சரம்மா சொன்னதைக் கேட்டு அப்பாயி ஓரியூருக்கு நேர்ந்துகொண்டது. நான் பிறந்த பிறகு முதல் முடி அங்கேதான் எடுத்தார்கள். ஒரு தென்னங்கன்றையும் கொண்டுபோய் வைத்தார்களாம். எனக்கு அந்தப் பெயர் வந்த கதை அவ்வளவுதான். பெயருக்கு உரியவர் யார் என்று தேடிப் படிக்கும் ஆர்வம் எனக்கு வந்தது அந்தக் கோபத்துக்குப் பிறகு. கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆன அந்த வீட்டில், சார்ஜ் இருக்கும்வரை போனில் படித்துக்கொண்டு கிடந்தேன்.

*

அவர் பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1-ல் லிஸ்பனில் பிறந்தவர். அப்பா பிரேசிலில் போர்த்துகல் அரசின் உயர் அதிகாரி. பையன் சின்ன வயதாக இருக்கும்போதே அங்கே இறந்துபோனார். வளர்த்தது அம்மா, பெயத்ரீஸ் பெரைரா. அரண்மனையில் இளவரசர் பெத்ருவோடு சேர்ந்து வளர்ந்த பிள்ளை, உடம்பு மட்டும் ரொம்பப் பலவீனம். ஒருமுறை பிழைப்பானா என்ற நிலை வந்தபோது அம்மா புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபைத் துறவியின் அங்கியைப் போட்டு வைக்கிறேன் என்று. பிள்ளை பிழைத்தது. ஒரு வருஷம் அந்தச் சின்ன உடம்பு கறுப்பு அங்கியோடு அரண்மனைக்குள் சுற்றி வந்தது.

இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைக்காகத் தாய்மார்கள் நேர்ந்துகொண்டு போகிற இடம் ஓரியூர். அந்த ஓரியூர்ச் சாமியே ஒரு தாய் நேர்ந்துகொண்டதால் பிழைத்த பிள்ளை. பழனிக்கு நேர்ந்துவிட்ட பிள்ளைக்குக் காவி கட்டிவிடுகிற நம்ம ஊர் வழக்கத்துக்கும் அந்தக் கறுப்பு அங்கிக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்பாயிக்கு இந்தக் கதை தெரியாது. சொன்னேன். “பின்ன? தாய் மனசு எங்க போனாலும் ஒண்ணுதான்” என்றது, ஏதோ லிஸ்பன் ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி.

ஒரு வருஷத்தில் அங்கியைக் கழற்றினாலும் பிள்ளை மனசு அதைக் கழற்றவில்லை. 1662-ல், 15 வயதில் நிஜமாகவே சேசு சபையில் சேர்ந்துவிட்டார். சவேரியார் போன நாட்டுக்கே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். இந்த இடத்தில் அம்மா எதிர்த்து நின்றார். போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய், தன் செல்வாக்கையெல்லாம் போட்டுத் தடுக்கப் பார்த்தார். நடக்கவில்லை. மகன் 1673-ல் கப்பலேறிவிட்டார். அந்த அம்மாவை நான் கடைசியில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

*

வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஓரியூர் போக அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில், மீமிசல், எஸ்.பி.பட்டினம் என்று போக வேண்டும். ஆவுடையார்கோயில்தான் திருப்பெருந்துறை, மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட இடம். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன காசை அவர் கோயிலுக்குச் செலவழித்த கதையைக் கேட்காமல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வளர்வதில்லை. அந்தக் கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். அருள், ஆனந்தம் என்ற இரண்டு சொற்களையும் தமிழில் உருக உருகப் புழங்கவிட்டவர்களில் முதல் வரிசையில் வருகிறவர் மாணிக்கவாசகர்.

ஜான் டி பிரிட்டோ தனக்கு வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயரில் அந்த இரண்டு சொல்லும் இருக்கின்றன. யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு ‘கடவுள் அருளினார்’ என்று பொருள். அதை அவர் அருளானந்தர் ஆக்கினார். மதுரை மிஷனில் இப்படிப் பெயர் மாற்றிக்கொள்வது வழக்கம்தான். 1606-ல் அந்த மிஷனைத் தொடங்கிய ராபர்ட் டி நொபிலி தத்துவ போதகர் ஆனார். பின்னால் வந்த கான்ஸ்டன்ஸோ பெஸ்கி தன் பெயரை அப்படியே மொழிபெயர்த்துத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார், அவர்தான் வீரமாமுனிவர். ஒருவர் தத்துவத்தை எடுத்துக்கொண்டார், ஒருவர் தைரியத்தை எடுத்துக்கொண்டார், இவர் ஆனந்தத்தை எடுத்துக்கொண்டார். யோவானில் அருள் மட்டும்தான் இருக்கிறது. ஆனந்தம் இவர் சேர்த்தது, அல்லது தமிழ் சேர்த்தது.

நொபிலி பிராமணத் துறவியைப் போல வாழ்ந்தார். சாதி அடுக்கில் கீழே இருந்தவர்களிடம் அந்தக் கோலத்தில் போய்ப் பழக முடியாது. அதனால் பண்டாரசாமிகள் என்று இன்னொரு பிரிவை மிஷன் உண்டாக்கியது. அருளானந்தர் எடுத்தது அந்தக் கோலத்தைத்தான். காவி வேட்டி, காவிப் போர்வை, கையில் தடி, கறி மீன் இல்லாத சாப்பாடு, தரையில் படுக்கை. செஞ்சிப் பக்கம் தொடங்கி, தஞ்சாவூர்ச் சீமை, மறவர் சீமை என்று நடந்துகொண்டே இருந்தார். சாதியை அப்படியே ஏற்றுக்கொண்டு அதற்குள் ஆளுக்கொரு சாமியார் என்று பிரித்துக்கொடுத்த இந்த ஏற்பாடு எனக்கு உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. ஆனால் அரண்மனையில் வளர்ந்த ஒருத்தர் அந்த அடுக்கில் இறங்கி நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் உண்மை.

*

1686-ல் முதல் முறை மாட்டினார். மறவர் சீமையில் மங்கலம் என்ற ஊருக்குப் பக்கத்தில் சேதுபதியின் ஆட்கள் அவரையும் கூட இருந்த உபதேசியார்களையும் பிடித்தார்கள். குளத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். வெயிலில் காய்ந்த பாறையில் வெறும் உடம்போடு கிடத்தி மேலே ஏறி மிதித்தார்கள். கேட்டதெல்லாம் சிவன் பெயரைச் சொல் என்பதுதான். அவரோடு அடிவாங்கியவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். லிஸ்பனில் அவர்களுக்காகப் பேச ராஜா கிடையாது. திருவிழாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர்கள் பெயர் தெரியும்?

கடைசியில் ராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்த சேதுபதி, இனி என் சீமையில் பிரசங்கம் பண்ணக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். இவர்தான் கிழவன் சேதுபதி, ரகுநாதர். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர். புதுக்கோட்டைக்காரனான எனக்கு இவர் ஒரு வகையில் வேண்டியவர். இவர் மனைவி காதலி நாச்சியாரின் தம்பி ரகுநாதத் தொண்டைமானை இவர் புதுக்கோட்டைக்கு அதிபதி ஆக்கியதில்தான் எங்கள் சமஸ்தானத்தின் கதை தொடங்குகிறது. அதற்குச் சொல்லப்படும் ஆண்டும் 1686தான். ஒரே வருஷத்தில் ஒருத்தருக்கு நாட்டைக் கொடுத்து, ஒருத்தரை நாட்டைவிட்டு அனுப்பியிருக்கிறார்.

அதன் பிறகு மிஷன் வேலையாக அருளானந்தரை லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். கூட வளர்ந்த பெத்ரு இப்போது ராஜா. அரண்மனையிலேயே இரு, இளவரசனுக்கு ஆசிரியராக இரு என்று கேட்டுப் பார்த்தார். இவரோ அங்கே போயும் தமிழ்நாட்டுச் சாமியார்ச் சாப்பாட்டை விடவில்லை, தரையில் படுப்பதையும் விடவில்லை. 1690-ல் திரும்பக் கப்பலேறி வந்துவிட்டார். வந்ததும் நேரே போனது எங்கே போகக்கூடாது என்று சொன்னார்களோ அங்கே.

ஐ.டி.யில் எங்களுக்கு ஆன்சைட் என்று ஒன்று உண்டு. போனவன் திரும்பி வராமல் இருக்க என்னென்ன செய்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே இந்த 1690 எனக்கு 1693-ஐவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

*

தடியத் தேவர் சேதுபதியின் வம்சத்தில் வந்தவர், சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடக்கூடிய கிளையைச் சேர்ந்தவர். அவருக்குத் தீராத நோய் வந்தது. அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் வந்து சுவிசேஷம் வாசித்து ஜெபம் பண்ணிய பிறகு குணமாயிற்று. தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு வாழ வேண்டும், மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒத்துக்கொண்டார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்ட மனைவியரில் இளையவளான கடலாயி சேதுபதிக்கு அண்ணன் மகள் முறை. அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். ஜனவரி 8-ம் தேதி மூனி என்ற கிராமத்தில் அருளானந்தரைக் கைது செய்தார்கள்.

சரித்திரம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இவளை ஏரோதியாள் மாதிரி காட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கல்யாணம் என்ற ஒரே பிடிமானத்தை ஒரு நாளில் இழந்த பெண் அவள். அந்தச் சமூகத்தில் பெரிய வீட்டுப் பெண்ணின் உயிர் எதில் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1710-ல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய 47 மனைவியர் சிதையேறினார்கள் என்று சேசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. தடியத் தேவர் புதிதாகக் கண்டடைந்த சந்தோஷத்துக்கு விலை கொடுத்தது கடலாயி. அருளானந்தர் அதை யோசித்திருப்பாரா? அவர் காலத்துப் பாதிரியார் ஒருவருக்கு அது பாவத்திலிருந்து விலகல், அவ்வளவுதான். சேதுபதிக்கோ இது பெண் விவகாரம் மட்டும் கிடையாது. பட்டத்துக்குப் போட்டியாக வரக்கூடிய ஒருவன் பின்னால் ஒரு புதுக் கூட்டம் சேர்வதை எந்த ராஜா பொறுப்பான்?

ராமநாதபுரத்தில் இருபது நாள் போலச் சிறை. ஊருக்குள்ளேயே கொன்றால் தடியத் தேவரின் ஆட்களால் கலவரம் வரலாம். அதனால் வெளியே நாடுகடத்துவதாகச் சொல்லிவிட்டு, ஓரியூரில் அதிகாரத்தில் இருந்த தன் தம்பியிடம் அனுப்பிவைத்தார் சேதுபதி. ஜனவரி 31-ல் அருளானந்தர் ஓரியூர் வந்து சேர்ந்தார்.

பிப்ரவரி 3-ம் தேதி அங்கே சிறையிலிருந்து சக பாதிரியார்களுக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. கரியைத் தண்ணீரில் குழைத்து எழுதியது என்பார்கள். அதில் அவர் சொல்வதன் சாரம் இதுதான்: உண்மையான கடவுளைப் பற்றிப் போதித்ததுதான் என்மேல் உள்ள குற்றம், அது பெருமையான குற்றம். நான் எத்தனையோ வருஷமாக ஜெபத்தில் கேட்ட சாவு வந்துகொண்டிருக்கிறது. என் உழைப்புக்கெல்லாம் கூலியாக வருகிறது. எனக்கு ஆனந்தமாக இருக்கிறது.

*

அந்த ஆனந்தத்தை முதலில் நான் நம்பவில்லை. 15 வயதிலிருந்து ஒருவனை வேதசாட்சிகளின் கதைகளையே கேட்டு வளரவிட்டால், 45 வயதில் கத்திக்கு முன்னால் இதைத்தான் எழுதுவான். நாகசாகியில் 1597-ல் 26 பேர் சிலுவையில் கொல்லப்பட்ட கதை ஐரோப்பாவின் சேசு சபை இல்லங்களில் பரவிக்கிடந்த காலம். எந்த இன்புட் போனதோ அதே அவுட்புட் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு ஆட்டம் கண்டது டீச்சரம்மா வீட்டில். எனக்கு ஓரியூர் வழியைக் காட்டிய அதே எதிர்வீட்டு டீச்சர்தான். தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. புயலில் வீட்டு ஓடு பாதி போய், மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். டிசம்பர் 24 ராத்திரி அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே, விழுந்த தென்னையின் ஈர்க்குச்சியில் காகிதம் ஒட்டிச் செய்த நட்சத்திரம் தொங்கியது. உள்ளே பல்பு போட அவருக்கு இன்னும் கனெக்‌ஷன் வரவில்லை. அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். தெருப்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் பிள்ளைகள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“ஒங்களுக்கு வருத்தமே இல்லையா டீச்சர்?” என்றேன்.

“ஏன் இல்லாம? ஓடு போன அன்னைக்கு ஒக்காந்து அழுதேன்ல. இப்பவும் நெனச்சா வருது” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் அச்சு முறுக்கைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், “நான் ஒண்ணும் தைரியசாலி இல்ல தம்பி. இந்த ராத்திரிக்கு நட்சத்திரம் தொங்கவிடுறேன்னு வருஷா வருஷம் அவருக்குச் சொல்லியிருக்கேன். சொன்னத செஞ்சிட்டா மனசு லேசாயிடும்” என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைப் பற்றி மறுபடி யோசித்தேன். நான் அதை வீரனின் கடிதமாகப் படித்திருந்தேன். கடன் தீர்க்கிறவனின் கடிதமாகப் படித்தால் என்ன? அவருக்கு 11 வயது போல இருக்கும்போது அம்மா சவேரியாரிடம் ஒரு வாக்குக் கொடுத்து அவர் உயிரை வாங்கினார். அம்மா கேட்டது ஒரு வருஷத் தவணை. பிள்ளை அதை ஆயுள் தவணை ஆக்கிக்கொண்டது. ஜெபத்தில் கேட்டது வந்தது, என் உழைப்புக்குக் கூலி வந்தது என்கிற அவருடைய வார்த்தைகள் கணக்கு முடிக்கிறவனின் வார்த்தைகள். பழனி மலையில் காவடி இறக்கி வைத்தவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கால் வெடித்து ரத்தம் வரும், முகம் மட்டும் லேசாக இருக்கும். வலியால் வந்த சந்தோஷம் என்று அதை யாரும் சொல்ல மாட்டோம்.

*

அடுத்த நாள், 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. தவக்காலம் தொடங்குகிற நாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதை விபூதிப் புதன் என்றும் திருநீற்றுப் புதன் என்றும் சொல்வார்கள். காவி கட்டிய பண்டாரசாமியை, திருநீற்றுப் புதனன்று, திருப்பெருந்துறைக்குச் சில மணி நேர நடைதூரத்தில், பாம்பாற்றுக் கரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். எழுந்துவந்து வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார். அவர் கழுத்தில் தொங்கிய சின்னப் பேழையைப் பார்த்து அது மாந்திரீகத் தாயத்தோ என்று வெட்டுகிறவன் பயந்தான். கையால் தொடாமல் கத்தியாலேயே கயிற்றை அறுத்தான், அதில் தோள் கிழிந்தது. பிறகு தலை. கை கால்களையும் வெட்டி, உடலைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். இதையெல்லாம் விசாரித்து எழுதிவைத்தவர் பிரான்சிஸ் லெய்னஸ், பின்னால் மயிலாப்பூர் ஆயர் ஆனவர்.

செய்தி லிஸ்பனுக்குப் போனது. பெத்ரு ராஜா நன்றித் திருப்பலிக்கு ஏற்பாடு செய்து பெயத்ரீஸையும் அழைத்தார். துக்க உடையில் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்க்க, அந்த அம்மா திருவிழாவுக்கு உடுத்துகிற உடையில் வந்து நின்றார்.

பக்தி நூல்களில் இது விசுவாசத்தின் உச்சமாக வரும். எனக்கு அந்த உடை நெஞ்சை அடைக்கிறது. தூதர் வரைக்கும் போய் மகனைத் தடுத்த அதே பெண்தான் அதை உடுத்தியிருக்கிறாள். வீட்டுக்குப் போய் அதைக் கழற்றிய பிறகு அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று எந்த நூலும் எழுதவில்லை. ஆனால் நேர்ந்தது அவள். சவேரியாரிடம் முதலில் பேசியது அவள். சபையில் அந்த உடையோடு நின்றதும் அவள் செலுத்தியது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

*

2019 பிப்ரவரி 4 திங்கட்கிழமை. லீவு கேட்டு மெயில் போட்டபோது காரணம் என்ற இடத்தில் ‘பர்சனல்’ என்று எழுதினேன். வேனில் அப்பா, அம்மா, அப்பாயி, டீச்சரம்மா, தெருவில் இன்னும் இரண்டு குடும்பம். அப்பாயி மடியில் கன்று. ஆவுடையார்கோயில் கோபுரம் வந்ததும் அப்பாயி கையெடுத்துக் கும்பிட்டது. டீச்சரம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து அதற்கு வழிவிட்டார். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் விழுந்த மரங்கள் இன்னும் அகற்றாமல் கிடந்தன.

ஓரியூர் மணல் செக்கச்சிவப்பு. அவர் ரத்தம் பட்டுத்தான் சிவந்தது என்பது நம்பிக்கை. செம்மண் புனிதர் என்று அவருக்குப் பெயரே உண்டு. 1947 ஜூன் 22-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஆனால் இந்தப் பக்கத்துச் சனங்கள் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கவில்லை. அந்த மண்ணை அள்ளி நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள், முடிந்துகொண்டு போகிறார்கள். செல்வா ஜே. ராஜ் என்ற சமய ஆய்வாளர் ஓரியூரில் தங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆடு வெட்டிப் பொங்குகிறவர்களில், முடியிறக்குகிறவர்களில், தென்னங்கன்று வைக்கிறவர்களில் இந்துக் கள்ளரும் மறவரும் உண்டு என்று. அவரை வெட்டிய சீமையின் சனங்கள்தான் அவர் முன்னால் பிள்ளை வரம் கேட்டு நிற்கிறார்கள். கறி மீன் தொடாத சாமியாருக்குக் கிடாவெட்டு என்பதில் இருக்கிற முரண் அங்கே யாரையும் தொந்தரவு செய்யவில்லை. என்னையும் செய்யவில்லை, கறிக்குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது.

கடலாயிக்கு அங்கே ஒரு விளக்காவது இருக்குமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

கூட்டத்தில் அன்றைக்குக் கன்றோடு வந்தவர்கள் நிறையப் பேர். பேச்சுக் கொடுத்தால் எல்லாரும் எங்கள் கதையைத்தான் சொன்னார்கள், மர எண்ணிக்கை மட்டும் மாறியது. இருநூறு போனவர் ஒருத்தர் இருந்தார். அவரும் ஒரு கன்றுதான் வைத்திருந்தார். இந்த வருஷம் எதற்கு என்று கேட்டேன். “பேரன் பொறந்தப்ப வேண்டினது. அதுக்கும் புயலுக்கும் என்னங்க இருக்கு” என்றார், நான் ஏதோ கணக்குத் தெரியாதவன் மாதிரி என்னைப் பார்த்து.

அப்பாயிக்குக் கோயிலைச் சுற்றிவர முடியவில்லை, முழங்கால் வலி. பாதியில் நின்று கன்றை என் கையில் கொடுத்தது. மீதிச் சுற்றை நான் தூக்கிக்கொண்டு போனேன். தேங்காயிலிருந்து வந்த ஈரம் சட்டையில் பட்டது. முளை என் கன்னத்தில் இடித்துக்கொண்டே வந்தது. கொண்டுபோய் மற்றக் கன்றுகளோடு வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது அப்பாயி நல்ல உற்சாகத்தில் இருந்தது. காலையில் உம்மென்று வந்த அப்பாவிடம் ஓயாமல் பேச்சு. எந்த வரப்பில் எத்தனை கன்று வைக்கணும், எத்தனை அடி இடைவெளி விடணும், தாத்தா விட்டது போதாது, அதனால்தான் அத்தனையும் நெருக்கியடித்து விழுந்தது என்றெல்லாம். அப்பா முதலில் “ம்” போட்டுக்கொண்டு வந்தார். மீமிசல் தாண்டியதும், “நெட்டை வேணாம்த்தா, காய்க்க நாளாகும். பாதிக்குப் பாதி குட்டை ரகம் வைப்போம்” என்றார். ஆவுடையார்கோயில் வரும்வரை இரண்டு பேரும் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். டீச்சரம்மா தூங்கிவிட்டார். அவர் முந்தானை முடிச்சிலிருந்து சிவப்பு மணல் கொஞ்சம் கொஞ்சமாக வேன் சீட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.